ஹட்டனில் 27 லீற்றர் பவளத் தொட்டி: டெஸ்ட் எல்லாம் சரி, நத்தை மட்டும் சாகிறது

பீலிக்கரை

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சுருக்கமாகக் கேட்டால் உப்பு எவ்வளவு, லைட் என்ன என்று கேள்வி வந்து வந்தே இரண்டு நாள் போய்விடும், அதற்குள் மிச்சம் இருக்கிறதும் செத்துவிடும்.

ஆறு வருடம் கொழும்பில் ஒரு மீன் கடையில் வேலை செய்தேன். போன வருடம் ஊரோடு வந்துவிட்டேன், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். வரும்போது கொண்டு வந்தது ஒரு பேக் உடுப்பும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும்தான். 45க்கு 25, உயரம் 30 சென்ரிமீற்றர், கல்லும் மணலும் போக உள்ளே நிற்பது 27 லீற்றர் தண்ணீர். கடலில் எடுத்த கல் எனக்கு வேண்டாம் என்று சூளையில் சுட்ட செயற்கைக் கல் போட்டேன். ஏழு வாரம் ஒன்றும் விடாமல் வெறுமனே ஓடவிட்டு, அமோனியாவும் நைட்ரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் உயிர் போட்டேன். பதினொரு வாய் உள்ள ஒரு ஸோவாத் துண்டு (பூ மாதிரி விரியும் பவளச் சாதி), இரண்டு மஷ்ரூம் (அதுவும் பவளச் சாதிதான், காளான் இல்லை), பாசி தின்ன மூன்று ட்ரோக்கஸ் நத்தை. மீன் இல்லை. 27 லீற்றரில் மூன்று நீமோ விட்டு அடுத்த கிழமையே அழுதுகொண்டு கடைக்கு வந்த ஆட்களை நிறையப் பார்த்தவன் நான்.

முதல் ஐந்தாறு வாரம் பார்க்கவே ஆசையாக இருந்தது. காலையில் நீல லைட் போட்டால் ஸோவா ஒவ்வொன்றாக விரியும், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லாம் இஸ்தோப்பில் வந்து நின்று பார்க்கும். அப்புறம் ஒரு நாள் ஒரு நத்தை மணலில் மல்லாந்து கிடந்தது. திருப்பி விட்டேன், மறுபடியும் விழுந்தது, அடுத்த நாள் நாற்றம். மூன்று நாளில் மற்ற இரண்டும் அதே மாதிரி. கொழும்பிலிருந்து ஆளிடம் சொல்லி இன்னும் இரண்டு எடுப்பித்தேன், அவை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. இப்போது ஸோவா மூடிப் பத்து நாள், மஷ்ரூம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கண்ணாடியில் படியும் பாசிகூட முன்பு போல வரவில்லை, நல்லதுதானே என்று நினைத்தேன்.

அளவுகள் இது: உப்பு 1.025, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தது, 35 அளவுத் திரவம் விட்டுச் சரிபார்த்த பிறகுதான். அமோனியா, நைட்ரைற் பூச்சியம். நைட்ரேற் 5. காரத்தன்மை 8.2. வெப்பம் பகலில் 26, இரவு பத்து மணிக்கே 23க்கு வந்துவிடும், விடியும்போது 22.5. ஹீட்டர் 50 வாட். கிழமைக்கு இரண்டரை லீற்றர் மாற்றுகிறேன். தினமும் 400 மில்லிலீற்றர் அளவு வற்றுகிறது, அதற்கு நல்ல தண்ணீர்தான் விடுகிறேன், உப்புத் தண்ணீர் இல்லை, அந்தப் பிழை செய்யவில்லை.

உப்பு கொழும்பில் வாங்கிய பவளத் தொட்டி உப்பு. நல்ல தண்ணீர் எங்கள் பீலித் தண்ணீர். மேலே ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். பேனை வைத்தால் 22. கொழும்பில் கடைத் தண்ணீர் இதைப் போல நாலைந்து மடங்கு காட்டும். இவ்வளவு சுத்தமான தண்ணீருக்கு, வடிகட்டிச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. மெஷின் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஸோவாக் கல்லைக் கழற்றிப் பல் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன், ஏதாவது பூச்சி பிடித்திருக்குமோ என்று. அதற்கும் பலன் இல்லை. எங்கே பிழை?


நானுஓயாக்காரன்

தம்பி, இரவு பத்து மணிக்கே 23 என்று எழுதிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கடந்து போய்விட்டீர்கள், எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. பத்து மணிக்கு அவ்வளவு குளிர் இல்லையே. உங்கள் லயத்தில் ஆறு மணிக்கு மேல் வோல்ட்டேஜ் எவ்வளவு என்று எப்போதாவது பார்த்தீர்களா? எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கேத்தலும் ரைஸ் குக்கரும் ஏறுகிற நேரம் 180க்கு இறங்கும். லைட் மங்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஹீட்டர் மங்குவது யாருக்கும் தெரியாது. வோல்ட்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதன் வர்க்கத்தில் குறையும். 230க்குச் செய்த 50 வாட் ஹீட்டர் 180இல் 31 வாட்தான். சிவப்பு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும், நீங்களும் வேலை செய்கிறது என்று படுத்துவிடுவீர்கள்.

கொழும்பில் படித்த பாடத்தை இங்கே தலைகீழாகப் போட வேண்டும். அங்கே சூடு குறைக்க விசிறி, காசுக்காரனுக்குச் சில்லர். இங்கே லீற்றருக்கு ஒரு வாட் என்கிற கணக்கெல்லாம் சரிவராது, அது அறை ஐந்தாறு பாகைதான் குறைவு என்று வைத்துப் போட்ட கணக்கு. நமக்குப் பத்துப் பன்னிரண்டு பாகை ஏற்ற வேண்டும். லீற்றருக்கு மூன்று வாட் வையுங்கள், ஆனால் ஒரே ஹீட்டராக வைக்காதீர்கள். 50 வாட் இரண்டு, வெளியே தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. நான் ஒரு தரம் 100 வாட் ஒன்றை மட்டும் போட்டு, அதன் உள் சுவிட்ச் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் பார்த்தால் தொட்டி 34. கண்ணாடியில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி, நாலுக்கும் ரெஜிஃபோம் ஒட்டுங்கள். மீன் வருகிற பெட்டியை வெட்டினாலே போதும். மேலே மூடியும் போடுங்கள். சரி, கரண்ட் போனால்? காற்று மோட்டார் ஒன்று பற்றரியில் ஓட வேண்டும், அது முதல். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் தொட்டியைக் காப்பாற்றியது ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்தான். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு அதில் ஊற்றி, மூடியை இறுக்கித் தொட்டிக்குள் மிதக்க விடுவேன். உங்கள் அளவுத் தொட்டிக்கு ஒரு போத்தல் இரண்டு பாகைக்கு மேல் தூக்கும். ரெஜிஃபோம் இல்லாமல் உங்கள் தொட்டி மணிக்கு ஒரு பாகை அளவில் இறங்கும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைவு. ஹட்டன் உயரத்தில் கடற்கரையில் கரைவதில் 86 வீதம் அளவுதான், 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 80 வீதம். உப்புத் தண்ணீரில் ஏற்கனவே நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் கரையும். அதனால் மேல்மட்டம் எப்போதும் குலுங்கிக்கொண்டு இருக்க வேண்டும், தண்ணீரைத் தள்ளும் மோட்டாரை, அந்தப் பவர்ஹெட்டை, கொஞ்சம் மேலே திருப்பி வையுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளேயே விறகடுப்பும் எரிந்தால் பி.எச். இறங்கும், அதையும் பாருங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், 22.5 பாகைக்கு ட்ரோக்கஸ் இரண்டு நாளில் சாகாது. வேறு ஏதோ இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை.


சும்மா_வந்தவன்

இவ்வளவு செலவு எதற்கு அண்ணே, உப்புக்கு என்ன குறை, புத்தளம் உப்பு கிலோக் கணக்கில் கிடைக்குதே. கடலில் இருந்துதானே எடுக்கிறார்கள். பவளம் வேண்டுமென்றால் நாங்கள் அடுத்த மாதம் நிலாவெளி ட்ரிப் போகிறோம், ஒரு துண்டு உடைத்து ஐஸ் பெட்டியில் போட்டு வருகிறேன் 😄


திருமலைக்கடல்

தம்பி, விளையாட்டுக்குச் சொன்னாலும் இங்கே எழுத வேண்டாம். கடலில் பவளம் உடைப்பதும் எடுத்துப் போவதும் சட்டப்படி குற்றம், செத்த துண்டாக இருந்தாலும் எடுத்துப் போகக் கூடாது. நிலாவெளிக்கு நேரே இருக்கிற புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையில் பவளம் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பினதை இப்போது ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் செருப்போடு ஏறி மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள், வயிறு எரிகிறது. அதில் நீங்கள் வேறு ஐஸ் பெட்டி கொண்டு வருகிறீர்களாம். ஐஸில் போட்டால் ஹபரணை தாண்டுவதற்குள் செத்துவிடும், அது வேறு கதை. ஸோவாவும் மஷ்ரூமும் தொட்டியிலேயே வெட்டி வளர்க்கிற சாதி, வளர்ப்பவரிடம் துண்டு வாங்கலாம், அவர் எங்கே எடுத்தார் என்று கேட்டு வாங்குங்கள்.

உப்புக் கதைக்கு வருகிறேன். உப்பளத்தில் கடல் தண்ணீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து, ஜிப்சமாக இறங்கிவிடும். அப்புறம்தான் சோற்று உப்பு கட்டியாகும். மக்னீசியம் கடைசி வரை அந்தக் கசப்புத் தண்ணீரிலேயே நிற்கும், அதை வெளியே திறந்து விட்டுவிடுவார்கள். கைக்கு வருவது கடலில் ஒரு பாதிதான். கடல் தண்ணீரில் லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவு கல்சியம், 1,300 அளவு மக்னீசியம் இருக்கும். அது இல்லாமல் கல்பவளம் எலும்பு கட்டாது. அதோடு கடை உப்பில் அயடீன் வேறு சேர்க்கிறார்கள். அந்த உப்பு ரசத்துக்கு நல்லது.

பீலிக்கரைத் தம்பி, உங்களுக்கு ஒரு யோசனை. கடல் தண்ணீரே பாவிக்கலாம், ஆனால் காலம் பார்த்து எடுக்க வேண்டும். இப்போது மேற்குக் கரை சோளகக் காற்றில் கலங்கிக் கிடக்கிறது, எங்கள் பக்கம் கண்ணாடி மாதிரி. ஒக்டோபருக்கு மேல் எங்கள் பக்கம் மழையும் வெள்ளமும், அப்போது எடுக்கவே கூடாது. ஆற்று வாய், களப்பு வாய் பக்கம் எப்போதும் வேண்டாம், உப்பு குறைவாக இருக்கும், ஊர் அழுக்கும் வரும்.


கவ்வாத்துமலை

பீலிக்கரைத் தம்பி, நான் வெலிமடைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், எட்டு வருடமாகச் சின்னதாக ஒரு 20 லீற்றர் தொட்டி வைத்திருக்கிறேன். உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன்.

முதலில் அவசரமானது. ஸோவாக் கல்லைப் பல் தூரிகையால் தேய்த்தேன் என்கிறீர்களே, கையுறை போட்டீர்களா? கண்ணுக்கு ஏதாவது போட்டீர்களா? ஸோவா, அதற்குச் சொந்தக்காரச் சாதியான பாலித்தோவா, இதுகளில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கும். சாதாரண நஞ்சு இல்லை, கடலில் இருக்கிற மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. தேய்க்கும்போது தெறித்துக் கண்ணில் பட்டாலும் கையில் இருக்கிற வெட்டுக்காயத்தில் பட்டாலும் ஆபத்து. சுடுதண்ணீர் ஊற்றவோ கல்லை அவிக்கவோ கூடவே கூடாது, ஆவியில் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். உடம்பு வலி, மூச்சு இறுக்கம், வாயில் உலோகச் சுவை ஏதாவது இருந்தால் இதை வாசித்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போய் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தூரிகையையும் வீசிவிடுங்கள், யாராவது எடுத்துப் பல் விளக்கப் போகிறார்கள்.

இனி நத்தைக்கு வருகிறேன். எனக்குச் சந்தேகம் உங்கள் பீலித் தண்ணீரில்தான். ஊற்று எங்கே இருக்கிறது? அதற்கு மேலே தேயிலையா, காடா? தேயிலை என்றால், இப்போது மழை தொடங்கியதிலிருந்து மருந்து அடிக்கிறார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், தேயிலைக்குக் கொப்புள நோய் வருமே, கொழுந்தில் வட்டம் வட்டமாக எண்ணெய்ப் புள்ளி மாதிரி விழுந்து பின்னால் வெள்ளையாக வீங்குமே, அது ஒரு பூஞ்சணம். இலங்கைக்கு 1946இல் வந்தது. வெயில் இல்லாமல் மூடிக்கொண்டு மழை பெய்கிற மாதங்கள்தான் அதற்குக் கொண்டாட்டம். அதற்கு அடிக்கிற மருந்து பெரும்பாலும் செம்பு. கவ்வாத்து வெட்டித் துளிர் வருகிற மலை என்றால் இன்னும் அடிக்கடி அடிப்பார்கள். மனிதருக்கு அந்தத் தண்ணீர் குடித்து ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், நம் உடம்புக்குச் செம்பு கொஞ்சம் தேவையும்கூட. நத்தை, இறால், பவளம், இதுகளுக்கு அப்படி இல்லை. நீங்கள் மீன் கடையில் இருந்தவர், வெள்ளைப் புள்ளி நோய்க்கு மீனைத் தனித் தொட்டியில் போட்டுச் செம்பு விடுவீர்கள் அல்லவா? லீற்றருக்கு கால் மில்லிகிராம்கூட வராது அந்த அளவு. அந்தத் தொட்டியில் ஒரு நத்தை உயிரோடு இருந்து பார்த்திருக்கிறீர்களா? நத்தை முதலில் கால் பிடி விட்டு மல்லாந்து விழும். நீங்கள் எழுதியது அப்படியே அதுதான். பாசி வளரவில்லை என்று சந்தோஷப்பட்டீர்களே, குளத்தில் பாசி கொல்லவும் செம்புதான் போடுவார்கள்.

டி.டி.எஸ். 22 என்பது உங்களை ஏமாற்றிவிட்டது. அந்தப் பேனை தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஒரு மொத்தக் கணக்குச் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. 22இல் 21.8 நல்லதாகவும் 0.2 செம்பாகவும் இருந்தால் பேனை 22 என்றே காட்டும், நத்தை செத்துப் போகும்.

இதில் நம் ஊர்க் குளிர் செய்கிற வேலையையும் பாருங்கள். மூடுபனி ஊரில் தண்ணீர் எப்படி இவ்வளவு வற்றுகிறது என்று யோசித்தீர்களா? அறை 15 பாகை, தொட்டி 26. சுடுசோற்றில் ஆவி பறக்கிற மாதிரி உங்கள் தொட்டி இரவு முழுக்க ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. பின்சுவர் ஈரமாக இருக்கும், தடவிப் பாருங்கள். ஏழு வாரமும் அதற்குப் பிறகு வந்த எட்டு வாரமும் சேர்த்தால் நூற்றைந்து நாள், நாளுக்கு 400 மில்லிலீற்றர் என்றால் 42 லீற்றர். ஒன்றரைத் தொட்டித் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது, போனது தண்ணீர் மட்டும், அதில் வந்த செம்பு போகாது. கிழமைக்கு இரண்டரை லீற்றர் மாற்றுகிறீர்கள், அதில் கொஞ்சம் வெளியே போகும், ஆனால் மாற்றுகிற புதுத் தண்ணீரும் அதே பீலியிலிருந்துதானே.

கூரைத் தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் பிடித்துப் பாவிக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள், நான் கேட்டேன். அது நாகம் (துத்தநாகம்) பூசிய தகடு. செம்புக்குப் பதில் நாகம் வரும்.


பீலிக்கரை

அக்கா, நெஞ்சு திக்கென்றுவிட்டது. கையுறை போடவில்லை. கையில் காயம் இல்லை, கண்ணில் படவில்லை, இரண்டு நாள் ஆகிவிட்டது, உடம்பு ஒன்றும் செய்யவில்லை. தூரிகையை அடுப்பில் போடப் போனேன், ஆவி என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து பொலித்தீனில் சுற்றிக் குப்பைக்கு விட்டேன்.

ஊற்றுக்கு மேலே ஒரு துண்டு காடு, அதற்கு மேலே தேயிலை. அதில் பாதி போன வருடக் கடைசியில் கவ்வாத்து வெட்டியது. அம்மாவிடம் கேட்டேன், மருந்து அடிக்கிறார்களா என்று. “அடிக்காம? நீலத் தண்ணி மாதிரி கலக்கிக் கிழமைக்குக் கிழமை அடிக்கிறாங்க, எனக்கு வேலைக்குப் பேர் போட்டதும் அந்த மலையிலதான்” என்கிறார். இத்தனை நாள் என் வீட்டிலேயே விடை இருந்திருக்கிறது, நான் கொழும்பில் ஆட்களுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்சுவர் ஈரம்தான். பூஞ்சணம்கூடப் பிடித்திருக்கிறது.

வோல்ட்டேஜும் பார்த்தேன் அண்ணே, கடையில் மீற்றர் இரவல் வாங்கி வந்து. இரவு ஏழரைக்கு 176.

இனி என்ன செய்வது? ஆர்.ஓ. மெஷினுக்கு எங்கள் குழாயில் அழுத்தமும் போதாது.


கவ்வாத்துமலை

ஆர்.ஓ. வேண்டாம். இங்கேதான் நம் மலைத் தண்ணீர் நமக்கு உதவுகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. இல்லாமல் முடியாது, சுண்ணாம்பு அவ்வளவு இருக்கும். உங்களுக்கு 22தான், நேரே டி.ஐ. ரெசின் (கரைந்த உப்புகளைப் பிடித்து வைக்கும் சின்ன மணிகள்) ஒரு குழாயில் போட்டு அதன் வழியே மெதுவாக ஒழுகவிட்டாலே போதும். ஒரு லீற்றர் ரெசின் உங்கள் தண்ணீரில் நூற்றுக்கணக்கான லீற்றர் தாங்கும், கிணற்றுத் தண்ணீரில் அதே ரெசின் கொஞ்ச நாளில் செத்துவிடும். அழுத்தம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஆர்.ஓ. மாதிரிப் பாதித் தண்ணீரை வெளியே கொட்டவும் வேண்டாம். வாளியை உயரத்தில் வைத்தால் தானாக இறங்கும். முன்னால் ஒரு பஞ்சு வடிகட்டியும் கரியும் வையுங்கள், மழைக்காலத்தில் பீலி கலங்கி வரும் அல்லவா. வெளியே வருவது பேனையில் 0 காட்ட வேண்டும், 1 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். அதுவரைக்கும் பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு விடுகிற தண்ணீர் வாங்கலாம், ஆனால் அசிட் இல்லாதது, உப்பு நீக்கிய வெறும் தண்ணீர் என்று கேட்டு வாங்கிப் பேனையும் வைத்துப் பாருங்கள்.

தொட்டியில் இருக்கிற தண்ணீரில் பாதியை இன்றைக்கும், மிச்சத்தில் பாதியை நாலு நாளில் ஒரு தரமும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்பில் தப்பியது அந்த அதிர்ச்சியில் போகும். செம்பை உறிஞ்சுகிற தனி ரெசின் கொழும்பில் கிடைக்கும், ஒரு சின்னப் பையில் கட்டித் தண்ணீர் ஓட்டத்தில் வையுங்கள். மணலை வீசிவிடுங்கள், தயங்காதீர்கள். பவள மணலும் சுண்ணாம்புக் கல்லும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சூளைக் கல்லைப் பற்றி எனக்குப் பயம் குறைவு.

நத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒன்றே ஒன்று.

மூடி போடுங்கள் என்று நானுஓயா அண்ணன் சொன்னது சரி, ஆனால் முழுக்க அடைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்சிசன் கதையை அவரே சொல்லிவிட்டார்.


நானுஓயாக்காரன்

கும்பிடுகிறேன் டீச்சர். பதினைந்து வருடமாகத் தேயிலைக்குள் இருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. என் தொட்டி ரவுணில் இருப்பதால் குழாய்த் தண்ணீர், அதனால் தப்பினேன் போல. எதற்கும் நாளைக்கு ரெசின் தேடப் போகிறேன்.


பீலிக்கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் மண் சரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. சோடாப் போத்தல் முறை வேலை செய்கிறது, ஆனால் இரவு மூன்று மணிக்கு எழும்பித் தண்ணீர் சுட வைக்கிறவனை வீட்டில் எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முதல் இரவு 20 வரைக்கும் போனது, ரெஜிஃபோம் ஒட்டிய இரண்டாவது இரவு 22க்குக் கீழே இறங்கவில்லை.

மணல் முழுக்கப் போய்விட்டது, அடி வெறும் கண்ணாடி. ரெசின் குழாயை நானே பி.வி.சி. பைப்பில் செய்தேன், பேனை 0. மூடி போட்ட பிறகு வற்றுவது நாளுக்கு 150 மில்லிலீற்றர்தான். சுவர் காய்ந்துவிட்டது, அம்மாவுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் திருப்தி. ஹீட்டர் இரண்டாக்கிவிட்டேன், விடியும்போது 25.

ஒரு மஷ்ரூம் கரைந்து போய்விட்டது. மற்றது ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வந்திருக்கிறது. ஸோவாவில் பதினொன்றில் ஆறு போய்விட்டது, ஐந்து விரிகிறது. போன ஞாயிறு ஒரு நத்தை விட்டேன், இன்றைக்கு ஆறாவது நாள், கண்ணாடியில் ஏறி இறங்கித் திரிகிறது. கண்ணாடியில் பாசியும் வரத் தொடங்கியிருக்கிறது, அதற்கு இப்போது வேலை இருக்கிறது.

திருமலை அண்ணே, கடல் தண்ணீர் கதை இன்னும் இருக்கிறதா? உப்பு விலைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்தான் என்னால் வாங்க முடியும் போல.


திருமலைக்கடல்

இருக்கிறது. இந்த மாத லீவுக்குக் குடும்பத்தோடு நுவரெலியா வருகிறோம், ஹட்டன் வழியாகத் திரும்பலாம். கரையில் அள்ளாமல் தோணிக்காரரிடம் சொல்லி வெளியே எடுப்பிக்கிறேன். கொண்டு வந்ததும் மெல்லிய துணியில் வடித்து, ஒரு கிழமை மூடி இருட்டில் வைத்து, அப்புறம் காற்று மோட்டார் போட்டு, உப்பு அளந்து பார்த்துத்தான் பாவியுங்கள். இருட்டில் வைக்கும்போது உள்ளே இருக்கிற நுண்ணுயிர் செத்து அடியில் படியும், மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். எத்தனை லீற்றர் வேண்டும்?


பீலிக்கரை

நாற்பது போதும் அண்ணே. கேன் நான் அனுப்புகிறேன், குடிதண்ணீர்க் கேன். அங்கே கிடைக்கிற நீலப் பீப்பாய் எதிலும் எடுக்க வேண்டாம், முன்னால் அதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்.